உடைந்தால் மாற்றித் தருவோம்: ஒரு மலிவு விலைக் கருவிக் கடையின் கணக்கு

சனிக்கிழமை காலை. கல்லாவில் எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப் பையிலிருந்து நட்டு, போல்ட்டு திருப்பும் ஒரு ராட்செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கைப்பிடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பக்கம் கவ்வி மறுபக்கம் ‘டிக் டிக்’ என்று விட வேண்டிய தலை, இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. உள்ளே பல் போய்விட்டது. அவரிடம் பில் இல்லை. எப்போது வாங்கினீர்கள் என்று கல்லாவில் இருந்த பெண் கேட்கவும் இல்லை. கைப்பிடியில் பொறித்திருந்த பெயரைத் துடைத்துப் பார்த்தார், அதே அளவில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். பழையது மேசைக்கு அடியில் இருந்த தொட்டியில் ‘டங்’கென்று விழுந்தது. புதியது அவர் பைக்குள் போனது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் ‘ஹார்பர் ஃபிரைட் டூல்ஸ்’ கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நாடு முழுக்க 1,500க்கும் அதிகமான கிளைகள். சொந்தமாகக் கார் பழுது பார்ப்பவர், வீட்டுக் கூரையைத் தானே சரிசெய்பவர், விவசாயி, சின்ன ஒப்பந்ததாரர் என எல்லோரும் ஒருமுறையாவது நுழைந்திருப்பார்கள். நுழைந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, ‘அங்கே வாங்கினால் குப்பை’ என்னும். இன்னொரு கட்சி, ‘பதினைந்து வருடமாக அந்த ஸ்பேனரைத்தான் வைத்திருக்கிறேன்’ என்னும். இரண்டுமே பொய்யில்லை. அது எப்படி என்று விளங்க, அந்தக் கடை எதை விற்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் அது கருவியை மட்டும் விற்பதில்லை. ‘உடைந்தால் கொண்டு வா, மாற்றித் தருகிறேன்’ என்ற வாக்கையும் சேர்த்தே விற்கிறது. அந்த வாக்கு எந்தப் பொருளுக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று தெரிந்தவருக்கு அது நல்ல கடை. தெரியாதவருக்கு ஆபத்தான கடையாகவும் ஆகலாம்.

1977-இல் கலிபோர்னியாவின் வடக்கு ஹாலிவுட்டில், எரிக் ஸ்மிட் என்ற இளைஞரும் அவருடைய தந்தையும் சேர்ந்து தொடங்கியது இந்த வியாபாரம். ஆரம்பத்தில் கடையே கிடையாது. தபாலில் விலைப்பட்டியல் அனுப்பி, தபாலில் ஆர்டர் வாங்கி, பார்சலில் அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு, தேங்கிக் கிடந்த சரக்கு போன்றவற்றை மலிவாக எடுத்து விற்றதால் பழைய பெயரில் ‘சால்வேஜ்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் பெரிய திருப்பம் வந்தது. அமெரிக்க பிராண்டுகளுக்குக் கருவி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தைவான், சீனத் தொழிற்சாலைகளிடமே நேராகப் போய் வாங்கத் தொடங்கினார்கள். நடுவில் இருந்த இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, பிராண்டுக்காரர் என ஒவ்வொருவரும் வைக்கும் லாபம் விலையிலிருந்து கழன்றது. இன்றுவரை இந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போகவில்லை, குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது ரப்பர் வாடை. தள்ளுவண்டிச் சக்கரம், டயர், கைப்பிடி உறை எல்லாம் சேர்ந்த வாடை அது. இடம் பெரிதல்ல. ஹோம் டிப்போ போன்ற கட்டுமானப் பொருள் கடை ஒரு லட்சம் சதுர அடியைத் தாண்டும். இது சுமார் 16,000 சதுர அடிதான், பெரும்பாலும் வேறு கடை மூடிப்போன பழைய கட்டடத்தில் இருக்கும். பளபளப்பு கிடையாது. நட்டைக் கவ்வும் சாக்கெட் செட், வெல்டிங் மிஷின், தார்ப்பாய், ஜெனரேட்டர், நைட்ரைல் கையுறை, டிரெய்லருக்கான கயிறு, டூல் பெட்டி எல்லாம் நெருக்கி அடுக்கியிருக்கும்.

அலமாரியில் இருக்கும் பெயர்களைப் படித்தால் ஏதோ இருபது கம்பெனிகள் போட்டி போடுவது போலத் தோன்றும். பிட்ஸ்பர்க், குவின், ஐகான், வாரியர், பாவர், ஹெர்குலிஸ், சிகாகோ எலக்ட்ரிக், பிரிடேட்டர், யு.எஸ். ஜெனரல். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடையே வைத்துக்கொண்ட பெயர்கள். பிட்ஸ்பர்க் என்றதும் அமெரிக்கனுக்கு எஃகு ஆலை ஞாபகம் வரும், சிகாகோ என்றதும் தொழிற்சாலை ஞாபகம் வரும். ஆனால் சரக்கு அங்கிருந்து வருவதில்லை. எந்த நாட்டில் செய்தது என்பது பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஸ்பேனர், சாக்கெட் போன்ற கைக்கருவியில் பிட்ஸ்பர்க் அடிப்படி, குவின் நடுப்படி, ஐகான் மேல்படி. மின்கருவியில் வாரியர், பாவர், ஹெர்குலிஸ் என்று ஏறும். ‘அந்தக் கடை டிரில் மிஷின் எப்படி?’ என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ‘எந்தப் பெயர்?’ என்றுதான். வாரியரில் வாங்கிய ஒருவரின் வசவும் ஹெர்குலிஸில் வாங்கிய ஒருவரின் புகழ்ச்சியும் ஒரே கடையைப் பற்றியவை போலத் தெரிந்தாலும், பேசுகிற பொருள் வேறு வேறு.

சரி, வாடிக்கையாளர் சேவை? நம்மூர் ஹார்டுவேர் கடையில் போய், ‘அண்ணே, பாத்ரூம் பைப் ஒழுகுது, என்ன வாங்கணும்?’ என்று கேட்டால் அவர் பைப் அளவு கேட்டு, டெஃப்லான் டேப்பையும் சேர்த்துக் கொடுத்து, எப்படிச் சுற்றுவது என்று விரலில் சுற்றிக் காட்டி அனுப்புவார். அந்த மாதிரி சேவையை இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு நேரத்தில் கடையில் இருப்பவர்கள் சொற்பம். ஒருவர் கல்லாவில், ஒருவர் சரக்கு இறக்கிக்கொண்டு, ஒருவர் அலமாரி அடுக்கிக்கொண்டு. நல்ல அனுபவசாலி ஒருவர் அமைந்தால் அது அந்தக் கிளைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சில கிளைகளில் ஓய்வுபெற்ற மெக்கானிக் பகுதி நேரமாக நிற்பார். அவர் சொல்லும் ஒரு வாக்கியம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். மற்றபடி, எது வேண்டும் என்று நீங்களே தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஆலோசனைக்கான கூலியும் விலையிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது.

கல்லாவில் இன்னொன்று நடக்கும். 10 டாலருக்கு ஒரு திருப்புளி செட் வாங்க நின்றால் வரிசையாகக் கேள்விகள் வரும். போன் நம்பர் தர முடியுமா, கடையின் ‘இன்சைட் டிராக்’ சந்தா உறுப்பினரா, கடையின் கிரெடிட் கார்டு வேண்டுமா, கூடுதல் வாரன்டி போட்டுக்கொள்கிறீர்களா? பலருக்கு இதுதான் எரிச்சல். கல்லாவில் நிற்பவர் இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும், அவர் வேலையே அதை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. அவரிடம் முகம் சுளிப்பது நியாயமில்லை. ‘இன்றைக்கு எதுவும் வேண்டாம், நன்றி’ என்று முதலிலேயே சிரித்துச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது.

அந்தக் கூடுதல் வாரன்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல். பெரும்பாலான பொருளுக்கு அது வீண். ஆனால் ஜெனரேட்டர், கம்ப்ரசர், வெல்டிங் மிஷின் மாதிரி விலை கூடிய, மோட்டாரோ எஞ்சினோ உள்ள பொருளுக்கு யோசித்துப் பார்க்கலாம். காரணம் இந்தக் கடையின் வாரன்டி இரண்டு வகையாகப் பிரிந்து கிடப்பது. கைக்கருவிக்கு ஆயுள் முழுக்க. மின்கருவியிலும் எஞ்சின் பொருளிலும் பலவற்றுக்கு 90 நாள்தான்.

ஏன் இப்படி? ஒரு ஸ்பேனர் என்பது ஒரே துண்டு எஃகு. அதில் குரோமியம், வனேடியம் கலந்திருக்கும். சூடாக்கிக் குளிர்விக்கும் பக்குவம் சரியாக இருந்தால் அது உடையாது. பக்குவம் தவறினால் ஒன்று, கண்ணாடி போல் முறியும். அல்லது வாய் அகண்டுபோய் நட்டின் முனையைத் தேய்த்துவிடும். அப்படித் தவறியது பெரும்பாலும் முதல் சில முரட்டு வேலையிலேயே தெரிந்துவிடும். தப்பித்தது பல ஆண்டு உழைக்கும். ஆகவே ஆயுள் வாரன்டி கொடுப்பதில் கடைக்குப் பெரிய செலவில்லை. மின்கருவி அப்படியல்ல. மோட்டார் சுருள், கார்பன் பிரஷ், கியர், பேரிங், ஸ்விட்ச், பேட்டரி என்று தேயக்கூடியவை பத்து இருக்கின்றன. எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு தேயும். வீட்டில் படம் மாட்ட வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பவர் கையில் அது பத்து வருடம் கிடக்கும். தினமும் ஆறு மணி நேரம் ஓட்டும் தச்சர் கையில் சில மாதத்தில் புகை வரும். இருவருக்கும் ஒரே ஆயுள் வாரன்டி கொடுத்தால் கடை தாங்காது.

கைக்கருவிக் கணக்கை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். நான் போடுவது வெறும் உதாரணக் கணக்கு. ஒரு ராட்செட்டைக் கடை 4 டாலருக்கு வாங்கி 12 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஐந்து பேருக்கு உடைந்தால் ஐந்தையும் மாற்றிக் கொடுக்க 20 டாலர் செலவு. அதே ஐந்து பேரிடம் பில் கேட்டு, மேலாளரைக் கூப்பிட்டு, வாக்குவாதம் செய்து, வரிசையில் நிற்கும் பத்துப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நட்டம் அதைவிடப் பெரிது. மாற்றிக் கொடுத்தால் அந்த ஐந்து பேரும் திரும்பிப் போகும் வழியில் இன்னும் ஏதாவது வாங்குவார்கள். தரச் சோதனையைத் தொழிற்சாலையிலேயே கடுமையாக வைத்தால் எல்லாப் பொருளின் விலையும் ஏறும். அதைவிட, சோதனையில் ஒரு பகுதியை வாங்குபவர் கையிலேயே விட்டுவிட்டு, தேறாததை மாற்றிக் கொடுப்பது மலிவு. அந்த ரப்பர் வாடைக்குள் இருக்கும் அடிப்படை ஏற்பாடு இதுதான். அந்த ஏற்பாட்டில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பெட்டியைப் பிரித்து, முதல் வாரத்திலேயே நன்றாக வேலை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். 90 நாள் வாரன்டி உள்ள பொருளைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, 91-ஆம் நாள் எடுத்துப் போட்டுப் பார்ப்பவர்தான் இங்கே தோற்கிறார்.

ஆயுள் வாரன்டி என்ற இந்த வழக்கத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டு போனது ‘சியர்ஸ்’ கடையின் கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள். 1927-இல் தொடங்கிய பெயர். அப்பா வாங்கிய ஸ்பேனரை மகன் கொண்டுபோய் மாற்றி வந்த கதை ஏறக்குறைய ஒவ்வொரு அமெரிக்கக் குடும்பத்திலும் இருக்கும். 2017-இல் கிராஃப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. நாடெங்கும் அதன் கடைகள் மூடின. உடைந்த ஸ்பேனரோடு நின்ற ஆளுக்கு ஒரு புதிய வாசல் தேவைப்பட்டது. அந்த வெற்றிடத்தில் அதிகம் வளர்ந்தவர்களில் ஹார்பர் ஃபிரைட்டும் ஒன்று.

இன்னொரு முனையில் ஸ்னாப்-ஆன். 1920-இல் தொடங்கிய, தொழில்முறை மெக்கானிக்குகளின் பிராண்டு. அவர்களுக்குக் கடை கிடையாது, வேன்தான் கடை. வாரம் ஒருமுறை வேன் பட்டறை வாசலுக்கு வரும். மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து உடைந்ததைக் கொடுப்பார், வேன்காரர் மாற்றிக் கொடுப்பார், பழைய பாக்கிக்கு வாரத் தவணையும் வாங்கிக்கொள்வார். விலை பல மடங்கு. பார்க்கிறவர்களுக்கு அநியாயமாகத் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் மெக்கானிக்குக்கு, வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்கு வண்டி ஓட்டிப் போய் வரும் ஒரு மணி நேரம் காசு. அவர் ஸ்னாப்-ஆனுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் நல்ல எஃகுக்கான பங்கும் உண்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கான பங்கும் உண்டு. ஹார்பர் ஃபிரைட் தன் ஐகான் வரிசையை ஸ்னாப்-ஆனோடு ஒப்பிட்டு, இரண்டு விலையையும் பக்கத்தில் போட்டு விளம்பரம் செய்கிறது. எஃகை ஒப்பிடலாம், தவறில்லை. வாசலுக்கு வரும் வேன் அந்த ஒப்பீட்டில் இல்லை.

கூப்பனைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது. பல ஆண்டுகள் அமெரிக்கப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் இணைப்பில், தபால் பெட்டியில் இவர்கள் கூப்பன் வந்து விழும். ஏதாவது ஒரு பொருளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. எதை வாங்கினாலும் ஒரு டார்ச்சோ தார்ப்பாயோ மல்டிமீட்டரோ இலவசம். அந்த இலவச மல்டிமீட்டர்கள் ஒரு தலைமுறை வீடுகளில் இழுப்பறைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. கார் பேட்டரியைச் சோதிக்க அது தாராளமாகப் போதும். வீட்டு மின்பெட்டிக்குள் அதன் முனையை வைக்கக் கூடாது. அந்த வேலைக்குத் தகுந்த பாதுகாப்பு வகுப்பில் செய்த மீட்டர் தனியாக இருக்கிறது.

கூப்பனிலும் ஒரு நுணுக்கம். பின்பக்கம் பொடி எழுத்தில் எந்தெந்தப் பொருளுக்குச் செல்லாது என்ற பட்டியல் இருக்கும். கம்ப்ரசர், ஜெனரேட்டர், டூல் பெட்டி என்று ஆசைப்பட்டுப் போகும் பொருள்கள்தான் அதில் முதலில் நிற்கும். கல்லாவில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தப் பொடி எழுத்தால் வந்தவை.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று நீதிமன்றத்துக்கே போனது. ‘வழக்கமான விலை இவ்வளவு, தள்ளுபடி விலை இவ்வளவு’ என்று போடுகிறார்களே, அந்த வழக்கமான விலைக்கு அந்தப் பொருள் எப்போதாவது விற்கப்பட்டதா? ஒஹையோ மாநிலத்தில் வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்கு வந்தது. அதற்கு முந்தைய 90 நாளில் குறைந்தது 28 நாளாவது அந்த உயர்ந்த விலைக்கு விற்காத பொருளை, தள்ளுபடியில் விற்பதாக விளம்பரம் செய்தது தவறு என்பது வழக்கின் சாரம். சமரசத்தில் முடிந்தது. 2011 முதல் 2016 வரை அப்படி வாங்கியவர்களுக்குக் கிஃப்ட் கார்டாகவோ காசோலையாகவோ இழப்பீடு பெறும் உரிமை கிடைத்தது. ஆடித் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையமும் தன் வழிகாட்டுதலில் பழைய விலை என்று காட்டுவது நிஜமாகவே கணிசமான காலம் விற்பனைக்கு வைத்திருந்த விலையாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல பழக்கம், அடித்துக் காட்டிய விலையைக் கண்ணாலேயே பார்க்காமல், கொடுக்கப்போகும் விலைக்கு இந்தப் பொருள் தகுமா என்று மட்டும் யோசிப்பது.

அந்தக் கூப்பன் வெள்ளம் இப்போது வடிந்துவிட்டது. அதற்கு விலைப் பக்கத்திலும் காரணம் இருக்கலாம். பல சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா 2018 செப்டம்பரில் 10 சதவீதக் கூடுதல் சுங்கம் போட்டது, 2019 மே மாதத்தில் அதை 25 சதவீதமாக்கியது. பெரும்பாலான சரக்கு அங்கிருந்து வரும் ஒரு கடைக்கு இது எவ்வளவு நெருக்கடி என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் ஆட்களுக்கு இந்தக் கடை எங்கே குறுக்கிடுகிறது என்றால், முதல் வீடு வாங்கும்போது. ஊரில் குழாய் ஒழுகினால் பிளம்பர், ஃபேன் சுற்றவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் என்று ஒரு போனில் ஆள் வந்துவிடும். இங்கே கார் பட்டறையில் கூலியே மணிக்கு 100 டாலரைத் தாண்டும். பிளம்பர் வாசலில் வந்து நின்றாலே ஒரு தொகை. அதனால் சென்னையில் சுத்தியலைத் தொடாதவர்கூட டாலஸில் பிரேக் பேடு மாற்றக் கற்றுக்கொள்கிறார். கையில் ஒன்றுமே இல்லாத நிலையில், முதல் கருவிப் பெட்டி எங்கே வாங்குவது என்ற கேள்வி வரும்போது இந்தக் கடையின் பெயர் அடிபடுகிறது.

அமெரிக்க மெக்கானிக்குகள் சொல்லும் பழைய வழி ஒன்று உண்டு. முதலில் மலிவாக வாங்கு. அது உடையும் அளவுக்கு நீ அதைப் பயன்படுத்தினால், அது உனக்கு உண்மையிலேயே தேவைப்படும் கருவி. அப்போது நல்லதாக வாங்கு. நான் ஏறக்குறைய அப்படித்தான் செய்தேன், அதனால் பணம் மிச்சமானது. எந்த அளவு சாக்கெட் அதிகம் தொலைகிறது, எந்த ஸ்பேனரை எடுக்கவே மாட்டோம் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. பேட்டரி டிரில்லில் மட்டும் இந்த வழி அப்படியே ஓடாது. அங்கே நாம் வாங்குவது டிரில்லை மட்டுமல்ல, அந்த பேட்டரிக் குடும்பத்தையே. ஒருமுறை வேறொரு கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு செட்டை வாங்கினேன். மூன்றாம் வருடம் பேட்டரி செத்தது. அந்த வகை பேட்டரியையே நிறுத்திவிட்டோம் என்றார்கள். டிரில், விளக்கு, ரம்பம் மூன்றும் நன்றாக இருந்தும் மூன்றும் வீண். டிரில் வாங்குவதற்கு முன் பேட்டரி எத்தனை வருடமாக அதே வடிவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அன்று படித்த பாடம்.

அதே கடையில் ஆச்சரியமாக நல்ல பேர் எடுத்த பொருள்களும் உண்டு. யு.எஸ். ஜெனரல் டூல் பெட்டியைத் தொழில்முறைப் பட்டறைகளிலேயே பார்க்கலாம். 212 சி.சி. பிரிடேட்டர் எஞ்சின் ஹோண்டாவின் ஜிஎக்ஸ்200 எஞ்சினைப் பார்த்துச் செய்த வடிவம். கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டி ஓட்டும் பையன்கள் அதைப் பிரித்து மேய்ந்து, வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றி, கார்புரேட்டரை மாற்றி, அதற்கென்றே ஒரு உதிரிபாகச் சந்தையை உருவாக்கிவிட்டார்கள். கெட்டால் இன்னொன்று வாங்கலாம் என்ற விலை இருந்ததால்தான் அவ்வளவு துணிச்சலாகப் பிரித்தார்கள். மலிவு விலை ஒரு பையனுக்கு எஞ்சினைக் கற்றுக்கொடுக்கும் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மாற்றித் தருவோம் என்ற வாக்கு எங்கே நிற்காமல் போகும் என்பதை 2020 காட்டியது.

காரை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அடியில் போவதற்கு முன் ஜாக் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். மூன்று, நான்கு கால் கொண்ட ஒரு கூம்பு. அதன் நடுவே ஏறி இறங்கும் ஒரு தூண். தூணின் ஒரு பக்கம் ரம்பம் போல் பற்கள். கைப்பிடியோடு சேர்ந்த ஒரு நாக்கு அந்தப் பல்லிடுக்கில் போய் உட்காரும். காரின் எடை இறங்க இறங்க நாக்கு இன்னும் இறுக்கமாக உட்கார வேண்டும், அதுதான் வடிவமைப்பு. 2020 மார்ச்சில், பிட்ஸ்பர்க் பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் அந்த நாக்கு போதிய ஆழத்துக்கு உட்காராமல் போகலாம் என்று நிறுவனம் கூட்டரசு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவித்து, அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது. காரணம், தயாரிக்கும் இடத்தில் அச்சும் கருவிகளும் பழசாகித் தேய்ந்து, அளவு ஒன்றுக்கொன்று மாறிப்போனது. பாரம் இருக்கும்போது லேசாக அசைந்தால் நாக்கு நழுவி, தூண் சட்டென்று இறங்கிவிடும். அடியில் ஆள் இருப்பார். திரும்பப் பெறுவது அடுத்தடுத்து விரிந்து, மொத்தம் சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் தொட்டது.

அதே மார்ச்சில், கொரோனா தொடங்கிய வாரங்களில், இந்த நிறுவனம் தன்னிடம் இருந்த என்-95 முகக்கவசம், முகத்திரை, நைட்ரைல் கையுறை அத்தனையையும் மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டது. அது நல்ல செயல், நினைவில் வைக்க வேண்டியது. ஆனால் ஸ்டாண்ட் விவகாரம் அதோடு முடியவில்லை. பழையதற்குப் பதிலாகக் கொண்டுபோன புதிய 3 டன் ஸ்டாண்டுகளில் ஒரு பகுதியில் வெல்டிங் கோளாறு இருப்பது தெரிந்து, ஜூலையில் அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எரிக் ஸ்மிட் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ திருப்பித் தந்தார்கள்.

கடை செய்யக்கூடியதைச் செய்தது என்றே நான் நினைக்கிறேன். கேள்வி கடையின் நல்லெண்ணத்தைப் பற்றியதல்ல. ராட்செட் நழுவினால் முட்டியில் தோல் உரியும், கல்லாவில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாண்ட் நழுவினால் மாற்றிக்கொள்ள வருவதற்கு ஆள் இருக்க மாட்டார். தரச் சோதனையை வாங்குபவர் கையில் விடும் ஏற்பாடு, சோதனையில் தோற்றால் உயிர் போகும் பொருளுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் பட்டறைக்காரர்கள் பல காலமாக, ‘உயிர் எதன்மேல் நிற்கிறதோ அதை அங்கே வாங்காதே’ என்று சொல்லி வந்ததன் பொருள் இதுதான். ஜாக் ஸ்டாண்ட், பாரம் தூக்கும் சங்கிலி, உயரத்தில் ஏறும்போது கட்டும் பெல்ட், கண்ணுக்குப் போடும் கண்ணாடி. இவற்றில் எந்தக் கடையானாலும் விலையை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். புதிதாக வீடு வாங்கியிருக்கிறார். “அண்ணா, பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் சேலில் ஜாக்கியும் ரெண்டு ஸ்டாண்டும் இருபது டாலருக்குத் தர்றார். நல்லா கனமா இருக்கு. வாங்கிடட்டுமா?”

“மேலே ஒட்டியிருக்கிற மஞ்சள் லேபிளில் என்ன நம்பர் போட்டிருக்கு?” என்றேன்.

மாலையில் போட்டோ அனுப்பினார். லேபிளின் பாதி கிழிந்திருந்தது. மீதியில் 61196 என்று தெளிவாகத் தெரிந்தது. திரும்பப் பெற்ற வரிசையில் உள்ள எண் அது. 61197, 56371, பிறகு வந்த 56373 ஆகியவையும் அதில் சேரும். ஆறு வருடம் ஆகியும் இவை கராஜ்களில் இன்னும் கிடக்கின்றன. திரும்பப் பெறும் அறிவிப்பு முதலில் வாங்கியவருக்குப் போயிருக்கலாம், கை மாறி வாங்குபவருக்குப் போகாது. விற்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. நல்ல மனிதர், தம்பி சொன்னதும் பதறிப்போய் எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம்.

பிறகு தம்பி வேறிடத்தில், பல்லுக்கு மேல் குறுக்கே ஒரு ஊசியும் செருகும் இரட்டைப் பூட்டு ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கினார். முதல் முறை தூக்கும்போது நான் கூட இருந்தேன். சமதரையில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டில் காரை இறக்கியதும் அடியில் போகவில்லை. இருவரும் பக்கவாட்டில் நின்று காரை நன்றாக ஒருமுறை உலுக்கிப் பார்த்தோம். அசையவில்லை. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் கிடத்தி வைத்தோம், எது நழுவினாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல் நிற்கும். ஜாக்கியையும் எடுக்கவில்லை, லேசாகத் தொட்டபடியே விட்டுவைத்தோம். அதற்குப் பிறகுதான் பிரேக் கேலிப்பரின் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினோம். அதற்குப் போட்ட சாக்கெட்டும் ராட்செட்டும் பிட்ஸ்பர்க்தான். நன்றாகவே கவ்வியது.